நாற்பத்து நான்காவது பிழை

கடவுள் ஆறு நாள் வேலை செய்து உலகத்தைப் படைத்தார். ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். அவர் கண்ணயர்ந்த அந்த ஏழாம் நாளில்தான் மனித குலத்தின் மகத்தான கலை பிறந்தது: ஆக்கி வைத்ததன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அதில் எத்தனை தப்பு என்று எண்ணுவது. படைப்பதில் என்ன இருக்கிறது, கோழிகூட முட்டை போடுகிறது. போன வாரம் வெள்ளையாக இருந்த முட்டை இந்த வாரம் பழுப்பாக இருக்கிறதே என்று கேட்பதற்கல்லவா ஆறாவது அறிவு வேண்டும்!

அந்த ஆறாவது அறிவு திருவனந்தபுரத்தில் மொத்தம் பதினொரு பேருக்கு வாய்த்திருந்தது. ஆரியசாலையில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் அவர்கள் ஞாயிறுதோறும் கூடினார்கள். 'பப்படம் வீடு பிழை நோக்கர் பேரவை' என்று பெயர். லெட்டர் பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு, அச்சடித்த விதிமுறைப் புத்தகம்கூட உண்டு. தலைவர், மண்டி முதலாளி நெல்லையப்பன். மாடி அவருடையது, டிவி அவருடையது, நடுவில் வரும் சாயாவும் வடையும் அவருடையது என்பதால் தேர்தல் ஆண்டுதோறும் 'ஒருமனதாக' நடந்தேறியது.

'பப்படம் வீடு' ஒரு கார்ட்டூன் தொடர். குட்டப்பன் என்று ஓர் அப்பா, சரோஜம் என்று ஓர் அம்மா, வாயாடிப் பிள்ளைகள் இரண்டு, நால்வருக்கும் புத்தி சொல்ல ஒரு கிளி. மலையாளத்திலும் தமிழிலும் வரும். குழந்தைகளுக்காக எடுக்கப்படுவது, குழந்தைகள் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். பேரவை சிரிப்பதில்லை. பேரவை எண்ணும்.

இந்த ஆண்டு தைப் பொங்கலுக்கு வந்த நூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பேரவை நாற்பத்து மூன்று பிழைகளை எண்ணியது. முந்தைய உச்சம் ஒன்பது. குடும்பத்தோடு எல்லோரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். வாழையிலையின் நுனி, இடப்பக்கம் இருக்க வேண்டியது, வலப்பக்கம் கிடக்கிறது. சரோஜம் அம்மையின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட, அவர் மூன்று காட்சிகளில் குஜராத்திக்காரியாக இருந்துவிட்டு மறுபடி திருவனந்தபுரத்துக் கரமனைக்குத் திரும்புகிறார். சுவர்க்கடிகாரம் பத்துப் பத்திலிருந்து நேராக ஒன்று ஐம்பதுக்குத் தாவுகிறது. எல்லாவற்றுக்கும் சிகரமாகப் பிழை எண் பதினெட்டு. முண்டு என்கிற வேட்டியின் விளிம்பு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தே ஆள் எந்த மதம் என்று சொல்லிவிடும் ஊர் இது. குட்டப்பன் முண்டின் விளிம்பு வலம், இடம், வலம், இடம் என்று மாறிக்கொண்டே போகிறது. இடமும் வலமும் மாறுவது இந்த ஊருக்குப் புதிதில்லைதான். ஆனால் ஆட்சியில் அதற்கு ஐந்து வருடமாவது எடுத்துக்கொள்வார்கள்.

பட்டியல் சேனலுக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. சேனல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் தபால் வாங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து அரண்டுபோனவர்கள், உள்ளே மதம் என்ற சொல்லைப் பார்த்ததும் இன்னும் அரண்டுபோய், தொடரைத் தயாரிக்கும் 'சிபி ஃபிரேம்ஸ்' நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதினார்கள்: 'ஒரு வாரத்துக்குள் பொறுப்பானவரின் பெயரைத் தெரிவிக்கவும்.'

அந்த நாற்பத்து மூன்றையும் உலகத்திலேயே முதலில் பார்த்தவர் சுவாமிதாஸ். சிபி ஃபிரேம்ஸில் அவருக்குத் தொடர்ச்சி பார்க்கிற வேலை. குட்டப்பன் சட்டைக்கு ஐந்து பொத்தான், கிளியின் வாலில் ஏழு இறகு, சரோஜத்தின் மூக்குத்தி இடப்பக்கம் என்றெல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை கிளியின் இறகை எண்ணிச் சம்பளம் வாங்குகிறான் என்று ஊரில் சொல்லத் துணிச்சல் வராமல், சொந்த ஊரான குழித்துறையில் கேட்பவர்களிடம் 'தணிக்கைத் துறை' என்று சொல்லிவைத்திருந்தார்.

நடந்தது இதுதான். பொங்கலுக்குப் புது அத்தியாயம் தருவதாகச் சேனலிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, முதலாளி சிபி அதை மறந்துபோனார். நினைவு வந்தபோது ஒன்பது நாள்தான் மிச்சம். வரைகிறவர்களில் மூன்று பேரை அதற்கு முந்தைய மாதம்தான் 'கட்டமைப்புச் சீரமைப்பு' என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மிச்சம் இருந்தது ஜெஸ்லின் ஒருத்தி. சிபி அவளுடைய மேசைக்கு வந்து ஞானோதயத்தை அறிவித்தார்.

"போன ஓணம் எபிசோட எடு. பூக்களத்த வெள்ளையாக்கு, கோலமாயிடும். பாயசத்துக்கு மஞ்சள் அடி, பொங்கலாயிடும். பழைய படம்னு தெரியாம இருக்க எல்லாக் காட்சியையும் கண்ணாடில பாக்கிற மாதிரி திருப்பிப் போடு. நடுவுல கொஞ்சம் புதுசு வரைஞ்சு சேரு. தீர்ந்நு!"

திருப்பிப் போட்டதும் திரும்பக் கூடாதவையும் கூடவே திரும்பின. கை திரும்பிற்று, இலை திரும்பிற்று, முந்தானை திரும்பிற்று, முண்டு திரும்பிற்று. புதிதாக வரைந்த காட்சிகள் ஒழுங்காக இருந்ததால் குட்டப்பன் காட்சிக்குக் காட்சி மதம் மாற வேண்டியதாயிற்று. ஜெஸ்லின் சும்மா இருக்கவில்லை. நாள்காட்டியின் எழுத்தை நேராக்கினாள், ஒன்பது கடிகாரங்களில் எட்டைத் திருத்தினாள், மூக்குத்திகளை இடம் மாற்றினாள். ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினாறு பிழைகளை அவள் சரிசெய்ததைச் சுவாமிதாஸ் தன் நோட்டில் குறித்துவைத்திருந்தார். ஆனால் சரிசெய்த பிழை யார் கண்ணிலும் படாது. அதனால் அதை எண்ணப் பேரவைகள் அமைவதில்லை.

ஒளிபரப்புக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் சுவாமிதாஸ் மீதி நாற்பத்து மூன்றையும் சிபியிடம் காட்டினார். சிபி சிரித்தார்.

"இதெல்லாம் ஆரு நோக்கப் போறா சுவாமீ?"

ஆரியசாலையில் பதினொரு பேர் நோக்கினார்கள்.

சேனலின் கடிதம் வந்த அன்று சிபியின் அறையில் 'மூல காரண ஆய்வுக் கூட்டம்' கூடியது. மூல காரணமே தலைமை தாங்கியது. பக்கத்தில் மனிதவள அதிகாரி ஷைலஜா, மடிக்கணினியோடு.

"இரிக்கு சுவாமீ," என்றார் சிபி. "பாருங்க, இங்க ரெண்டு கசேர கிடக்கு. ஒண்ணு விசாரிக்கிறவன் கசேர, இன்னொண்ணு விசாரிக்கப்படறவன் கசேர. உங்களுக்கு எது சௌகரியம்?"

சுவாமிதாஸ் இரண்டையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே மாதிரிதான் பஞ்சு வெளியே வந்திருந்தது. வீரத்துக்கும் அவருக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. விசாரிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாழ்த்துகள் சார்," என்றார் ஷைலஜா. "இனி நீங்கதான் விசாரணை அதிகாரி. ரிப்போர்ட்டை நான் ரெடி பண்ணியாச்சு. விசாரணையை மட்டும் நீங்க முடிச்சாப் போதும்."

அறிக்கை மூன்று பக்கம் இருந்தது. முடிவுரையில் ஜெஸ்லினின் பெயர் இருந்தது. 'கவனக்குறைவு காரணமாகப் பணிநீக்கம்.' கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"திருப்பிப் போடச் சொன்னது..." என்று சுவாமிதாஸ் இழுத்தார்.

"ஆரு? நானா?" சிபியின் முகத்தில் உண்மையான வியப்பு. "எங்கயாவது எழுத்துல உண்டோ? ஒரு மெசேஜ்? ஒரு மெயில்?"

இல்லை. சிபி எல்லாக் கட்டளைகளையும் வாயால்தான் இடுவார். வாட்ஸாப்பில் அனுப்பினாலும் அது மறுநாள் தானாக மறைந்துபோகும்படி வைத்திருப்பார். 'காகிதம் இல்லாத அலுவலகம்' என்று இதற்காக ஒரு விருதுகூட வாங்கியிருந்தார்.

கேன்டீனில் ஜெஸ்லின் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் குழித்துறையிலிருந்து ரயிலில் வந்துபோகிறவள்.

"என்ன சாரே, என்னை விசாரிக்க வந்ததாக்கும்?"

"ஆமா மக்ளே. குற்றவாளி பழம்பொரி தின்னா விசாரணை அதிகாரிக்கும் ஒண்ணு வாங்கித் தரணும், அதுதான் சட்டம்."

அவள் தட்டை நகர்த்தினாள். சிரிக்க முயன்று பாதியில் விட்டாள். "வேலை போனாப் போட்டும் சாரே. ஆனா கவனக்குறைவுன்னு கடுதாசி தந்து விட்டா, பெறகு ஒரு ஸ்டூடியோவும் என்னை வாசல்ல நிறுத்தாது. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அம்மைட்ட என்ன சொல்லுவேன்? எனக்கு வரையத்தானே தெரியும்?"

"தெரியும் மக்ளே."

"அந்த ஒம்பதாவது கடிகாரம்... அத நான் பாத்தேன் சாரே. திருத்தலாம்னு எழும்பினப்போதான் சிபி சார் ஃபைல வாங்கிட்டுப் போனாரு."

சுவாமிதாஸ் பழம்பொரியை மென்றார். விசாரிக்கிற நாற்காலியில் உட்கார்ந்ததற்கு இதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நல்ல தண்டனை கிடைக்காது என்று தோன்றியது.

விசாரணையை நடத்தியதாகக் காட்ட ஒரு 'கள ஆய்வு' வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து அவர் ஆரியசாலைக்குப் போனார். மாடியில் அரிசி மூட்டைகளின் மேல் பேரவை வீற்றிருந்தது. நெல்லையப்பன் எழுந்து வந்து கைகூப்பினார்.

"வாங்க வே, வாங்க. கம்பெனிலேருந்து ஆள் வந்தது எங்க சரித்திரத்துலயே மொதல் தடவ. அந்தப் பொன்னி மூட்டைல இருங்க, அதான் விருந்தாளி மூட்டை. தங்கையா, போடும்!"

தங்கையன் என்ற உறுப்பினரிடம் ரிமோட் இருந்தது. மின்வாரியத்தில் முப்பது வருடம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எதையும் அவரால் நிறுத்தாமல் இருக்க முடியாது. அத்தியாயம் ஓடியது. நான்கு விநாடிக்கு ஒருமுறை யாராவது "நிப்பாட்டும்!" என்றார்கள்.

"இந்தா, பாத்தீரா?" நெல்லையப்பன் திரையருகே போய்க் குட்டப்பனின் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "எங்களுக்கு எல்லா மதமும் ஒண்ணுதான் வே. மனுசன் விருப்பப்பட்டா மாறிக்கிடட்டும், அது அவன் உரிமை. ஆனா ஒரு பப்படத்தத் தின்னு முடிக்கதுக்குள்ள ரெண்டு தடவ மாறுனா, அது என்ன கொள்கை?"

"நடுவுல ஒரு தடவ பழைய மதத்துக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறான்," என்றார் தங்கையன் ஆற்றாமையோடு.

"நீங்க இதுல சிரிச்ச எடம் ஏதாவது உண்டுமா?" என்று கேட்டார் சுவாமிதாஸ்.

பேரவை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அப்படி ஒரு ஷரத்து எங்க விதிமுறைல இல்லையே," என்றார் தலைவர்.

அத்தியாயம் முடிந்தது. எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கின. தங்கையன் டிவியை அணைத்தார்.

"ஏன் அணைச்சிட்டீங்க?"

"எழுத்து வந்தா முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்? அதுல என்ன பிழை இருக்கப்போவுது?"

நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயங்களில் இருந்த கடிகாரங்களை எல்லாம் எண்ணியவர்கள், ஒருமுறைகூட அந்த எழுத்துகளைப் படித்ததில்லை. சுவாமிதாஸும் படித்ததில்லை, தன் பெயர் அதில் இருக்காது என்று தெரிந்தவன் எதற்காகப் படிக்க வேண்டும்? "ஒரு தடவ ஓட விடுங்களேன்," என்றார்.

ஓடியது. கரு: சிபி. கதை: சிபி. வரைகலை: சிபி. வண்ணம்: சிபி. தொடர்ச்சி: சிபி. கிளியின் குரல்: சிபி.

சுவாமிதாஸ் பொன்னி மூட்டையிலிருந்து மெல்ல எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன் வேலைமீது மரியாதை வந்தது.

"அண்ணாச்சி," என்றார், "இனிமே எழுத்தையும் விடாமப் பாருங்க. உங்களுக்கு உதவும்."

திங்கட்கிழமை அவர் சமர்ப்பித்த அறிக்கை அரைப் பக்கம்தான். 'அத்தியாயத்தின் இறுதியில் வரும் எழுத்துகளின்படியும், சேனலுக்கு நாம் கையெழுத்திட்டுத் தந்த பணியாளர் பட்டியலின்படியும், இதை வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், தொடர்ச்சி பார்த்தவர் ஆகிய மூவரும் ஒருவரே. அவர் பெயர் சிபி. அன்னாரே பொறுப்பு.'

சிபி அதை இரண்டு தடவை படித்தார்.

"சுவாமீ, இது டைட்டில். டைட்டில்ல உள்ளதெல்லாம் சத்தியமாயிருக்கணும்னு உண்டா? வரைந்ததுன்னு போட்டா வரைஞ்சதுன்னு அர்த்தமா?"

"எனக்கு என்ன சார் தெரியும்? ரெக்கார்டுல உள்ளதத்தானே எழுதணும்?"

"அது சரிதான் சார்," என்றார் ஷைலஜா, செயல்முறையின் மேல் உள்ள பக்தியில். "பிராசஸ் பிரகாரம் ரெக்கார்டு மாறாம வேற பேரை அனுப்ப முடியாது. சேனல்ல கேப்பாங்க, இந்த ஜெஸ்லின் யாருன்னு. நம்ம பட்டியல்ல அப்படி ஒரு ஆளே இல்ல."

சிபி கணக்குப் போட்டுப் பார்த்தார். பிழையும் தன்னுடையது, புகழும் தன்னுடையது. இரண்டில் ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றதிலிருந்து தப்பலாம். சிபி முடிவெடுக்கத் தெரிந்தவர்.

"செரி. ஒரு விளக்கக் குறிப்பு போடுவோம். அடுத்த எபிசோடு முடிவுல, டிவியிலயே. எழுதிக்கோ ஷைலஜா: 'சென்ற அத்தியாயத்தை வரைந்தவர் ஜெஸ்லின்.'"

"சார்," என்றார் சுவாமிதாஸ் பணிவாக, "குற்றம் கொஞ்சம் கனமா இருந்தாத்தான் சேனல் நம்பும். 'தனியாக'ன்னு சேருங்க. இல்லேன்னா கூட யாருக்கோ பங்கு உண்டுன்னு வந்திரும்."

"அதே! 'முழுவதையும் தனியாக வரைந்தவர்.'"

"முகம், கை, பின்னணி எல்லாத்தையும் சொல்லிருங்க சார். அப்பத்தான் தப்பிக்க முடியாது."

"போடு."

"'ஒன்பதே நாளில்'னும் வேணும் சார். அவசரக் குடுக்கைன்னு தெரியட்டும்."

"பிரமாதம் சுவாமீ!" சிபி எழுந்து வந்து அவர் தோளில் தட்டினார். "நான் உங்கள இத்தர நாளா என்னவோ நெனச்சிட்டேன்."

அடுத்த ஞாயிறு காலை நூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அந்தக் குற்றப்பத்திரிகை ஆறு விநாடி நின்றது: 'சென்ற அத்தியாயத்தின் இருபத்திரண்டு நிமிடங்களையும், முகங்கள், கைகள், பின்னணி, வண்ணம் உட்பட, ஒன்பதே நாளில் தனியாக வரைந்தவர் ஜெஸ்லின். அதிலுள்ள பிழைகளுக்கு நிறுவனம் வருந்துகிறது.'

குழித்துறையில் ஜெஸ்லினின் அம்மா ரத்னாபாய் அதை ஃபோனில் படம் பிடித்து, சபை மகளிர் சங்கத்துக்கும் பாடகர் குழுவுக்கும் சித்தப்பா பெரியப்பா மக்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். அவசரத்தில் கடைசி வரி படத்தில் விழவில்லை.

"உன் பேரு வந்துட்டு மக்ளே! பெருசா, தனியா! அடியில என்னமோ எழுதியிருந்து, நான் வாசிக்கதுக்குள்ள போயிட்டு. நல்லதுதானே?"

"நல்லதுதான்மா," என்றாள் ஜெஸ்லின்.

அந்தப் படம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிற்று. திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, ஷைலஜா பணிநீக்கக் கடிதத்தை அச்செடுக்கப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், கொச்சியிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் ஜெஸ்லினைக் கூப்பிட்டார். அவருக்கு முண்டின் விளிம்பைப் பற்றிக் கேட்க எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"இருபத்திரண்டு நிமிஷம், ஒம்பது நாள், ஒத்தைக்கு. சத்தியமாவா?"

"கம்பெனியே எழுதித் தந்திருக்கு சாரே. டிவியிலயும் போட்டாச்சு."

பதினொன்றரைக்கு அவள் தன் ராஜினாமாவைக் கொண்டுவந்து ஷைலஜாவின் மேசையில் வைத்தாள். அதற்குள் பிரின்டர் சரியாகிவிட்டிருந்தது. ஆனால் 'செயல்முறைப்படி' தானே போகிறவரை நீக்க முடியாது. போகும்போது சுவாமிதாஸிடம் வந்து நின்றாள். அவர் தன் தடித்த நோட்டிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்துக் கொடுத்தார். இருநூற்றுப் பதினாறு வரிகள்.

"நீ திருத்துனதெல்லாம் இதுல உண்டு மக்ளே. வேற எங்கயும் இருக்காது, பாத்துக்க."

இத்துடன் எல்லாம் சுபம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் விழிப்புணர்வு மிக்க ஒரு சமூகம் அப்படி முடிக்க விடாது. வியாழக்கிழமை சிபி ஃபிரேம்ஸுக்கே நேரடியாக ஒரு பதிவுத் தபால் வந்தது. சுவாமிதாஸின் ஆலோசனைப்படி பேரவை இப்போது எழுத்துகளையும் விடாமல் படித்துவந்தது.

'பிழை எண் 44. தொடரின் நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயங்களிலும் இல்லாத ஒரு பெண்ணின் பெயர், நூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் எழுத்துகளில் முன்னறிவிப்பின்றித் தோன்றுகிறது. தொடரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இப்பெயரால் தொடர்ச்சி கெடுகிறது. ஆவன செய்க.'

சிபி அதைப் படித்துத் தலையாட்டினார். இணையத்தில் இருந்த நூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் பிரதியிலிருந்து அந்த ஆறு விநாடி வெட்டி எடுக்கப்பட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் குட்டப்பன் இன்றைக்கும் இடது கையால்தான் பொங்கல் சாப்பிடுகிறார், காட்சிக்குக் காட்சி மதம் மாறுகிறார், கடிகாரம் ஒன்று ஐம்பதில் நிற்கிறது. சிபி ஃபிரேம்ஸின் வரலாற்றில் சுட்டிக்காட்டிய அன்றைக்கே திருத்தப்பட்ட ஒரே பிழை, ஜெஸ்லின்.